அம்மன் மெட்டில் ஓர் ஆங்கிலப் பாட்டு

சமையல் புத்தகம் படித்தே பசியாறியவர்கள் உலகத்தில் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. பாட்டைப் படித்தே காது நிறைந்தவள் ஒருத்தி ஆரணியில் இருந்தாள். அது நான்தான். தொண்ணூறுகளில் வெளிவந்த ஆங்கில ராக், பாப் பாட்டுகளைப் பற்றி எங்கள் ஊரில் என் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது என்று அப்போது நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன். போட்டிக்கு ஆள் வந்தால்தானே!) மொட்டையடித்த பாடகி ஒருவர் கேமராவைப் பார்த்து விட்ட கண்ணீர் நடிப்பா நிஜமா, தண்ணீருக்கடியில் நீந்தும் கைக்குழந்தையின் படத்தைக் கேசட் அட்டையில் போட்டது எந்தக் குழு, ஐந்து பெண்கள் சேர்ந்து பாடும் குழுவில் யாருக்கு என்ன பட்டப்பெயர், இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு குறைதான். அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

இந்த விசித்திரப் படிப்புக்குக் காரணம் அப்பாவின் பட்டு வியாபாரம். நெசவாளர்களிடம் சேலை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். அனுப்புமுன் ஒவ்வொரு சேலையையும் மடித்து, மேலே ஒரு தாள் சுற்றிக் கட்ட வேண்டும். மற்ற வியாபாரிகள் எல்லாம் வெள்ளைத் தாள் வாங்கினார்கள். அப்பாவுக்கு மட்டும் தனிக் கொள்கை. வெள்ளைத் தாள் ஈரம் இழுக்கும், செய்தித்தாள் மை ஒட்டும், ஆங்கிலப் பத்திரிகைகளின் வழவழப்பான தாள்தான் பட்டுக்கு ஏற்றது என்பார். சென்னையிலிருந்து பழைய ஆங்கில இசைப் பத்திரிகைகள் மூட்டை மூட்டையாக எடைக்கு வந்து இறங்கும். பின்னை உருவி, தாளைப் பிரித்து அடுக்கி வைப்பது என் வேலை. பிரிக்கும்போதே படித்துவிடுவேன்.

அப்படிப் படித்ததில் ஒரு சிக்கல் உண்டு. என் கல்வி முழுவதும் உதிரித் தாள்களாகவே வந்தது. 'இந்தப் பாட்டை எழுதியவர் யார்?' என்று கேள்வி ஒரு பக்கத்தில் இருக்கும். விடை கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சாகியிருக்கும். அந்தக் கடைசிப் பக்கம் ஒரு மாம்பழ நிறச் சேலையைச் சுற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போயிருக்கும். தை மாதம் முகூர்த்தம் கூடினால் என் அறிவு குறையும். ஆடியில் வியாபாரம் படுத்தால் என் அறிவு பெருகும்.

கேட்க வழியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருக் கேபிள்காரர், குடும்பஸ்தர்களின் வேண்டுகோளுக்கிணங்க, அந்த ஆங்கிலப் பாட்டுச் சேனலை வெட்டிவிட்டார். கேசட் கடையில் 'இங்கிலீஷ்' என்ற தட்டில் ஒரே ஒரு கேசட் இருந்தது. அதில் வெறும் டிரம்ஸ்தான். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்குப் பக்திப் பாடல்களைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. எனக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை. பாட்டு எப்படி இருக்கும் என்று நானே கற்பனை செய்துகொள்வேன். கிடார்காரரின் முடி எவ்வளவு நீளமோ அவ்வளவு சத்தமான பாட்டு என்பது என் கணக்கு.

வேலூரில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது அங்கே ஒரு வினாடி வினா நடந்தது. 'மேற்கத்திய இசை' என்று ஒரு சுற்று. நகரத்துப் பெண்கள், வாக்மேன் வைத்திருந்தவர்கள், எல்லோரும் விழித்தார்கள். நான் மடமடவென்று பதில் சொல்லிப் பரிசு வாங்கிவிட்டேன். நல்லவேளையாக அந்தக் கல்லூரியில் ஸ்பீக்கர் பழுதாகியிருந்தது. பாட்டைப் போட்டுக் காட்டிக் கேட்கும் சுற்றை ரத்து செய்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் கடவுள் நேரடியாகத் தலையிட்ட இடம் அது. அடுத்த முறை அவர் வரவில்லை.

அப்பா இந்தச் செய்தியை ஆரணி முழுக்கச் சொன்னார். முதல் வாரம் அது 'பாட்டுக் கேள்வியில் பரிசு' என்று இருந்தது. அடுத்து 'பாட்டில் பரிசு' ஆயிற்று. போளூரில் இருந்த அத்தையின், அதாவது அப்பாவின் அக்காவின், காதுக்குப் போனபோது, நான் ஆங்கிலத்தில் பாடி வேலூரையே மயக்கியிருந்தேன்.

அந்த அத்தைதான் வரன் கொண்டுவந்தார்.

"பையன் பேரு ரகு. நம்ம ஜனம்தான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இங்கிலீஷ் பாட்டு மட்டும் கேட்டுகினே இருப்பானாம், பேஜாரு புடிச்ச மாதிரி. அதான் நான் சொன்னேன், எங்க கலா பாடவே பாடும்னு."

"அத்தே, நான் எப்ப பாடுனேன்?"

"பிரைஸ் வாங்கினயே, அது சும்மாவா குடுத்தாங்க?"

அம்மா கேசரிக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். அப்பா எந்தச் சேலையை நான் கட்ட வேண்டும் என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். தங்கை உமா, ஏழாம் வகுப்பு, பஜ்ஜி எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பையனைப் பார்க்க இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அது கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ரகு, அவருடைய அப்பா, அம்மா. நான் காபித் தட்டோடு போனேன். தலையைக் குனிந்துகொண்டே போனதால் முதலில் பார்த்தது அவருடைய சாக்ஸைத்தான். ஒன்று கறுப்பு, இன்னொன்று கருநீலம். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. (பட்டு வியாபாரி மகளுக்கு நிற வித்தியாசம் கண்ணில் படாமல் போகுமா?)

சம்பிரதாயப் பேச்சு முடிந்தது. ரகுதான் ஆரம்பித்தார்.

"நீங்க இங்கிலீஷ் பாட்டு கேப்பீங்கன்னு சொன்னாங்க. எந்த பேண்ட் புடிக்கும்?"

நான் ஒரு நீளமுடி ராக் குழுவின் பெயரைச் சொன்னேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அட! அவங்களோட ரெண்டாவது ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சவரு..."

"கையில கட்டு போட்டுகினு வாசிச்சார். மணிக்கட்டுல அடி. அதான் அந்த ஆல்பம் மொத்தமும் கொஞ்சம் மெதுவா இருக்கும்."

"கரெக்ட்! அந்த மழைப் பாட்டு?"

"வேன்ல ஒக்காந்து எழுதினது. கம்பெனிக்காரங்க மொதல்ல வேணான்னுட்டாங்க."

பெரியவர்கள் டென்னிஸ் பார்ப்பவர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் ஜாதகம் பொருந்தியதைவிட இது நன்றாகப் பொருந்துகிறது என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. ரகு சிரித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண் பார்க்கும் சடங்கில் ஒரு பெண் இப்படிப் பேசி எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ரகுவின் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"பேசுனது போதும்பா. ஒண்ணு பாடும்மா. இங்கிலீஷ்லயே பாடு. நாங்களும் கேக்கறோம்."

பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். வழக்கமாக ஒரு பிள்ளையார் பாட்டைப் பாடித் தப்பித்துவிடலாம். எனக்கு அந்த வழியையும் அத்தை அடைத்துவிட்டார். "கலா, அந்த பிரைஸ் வாங்கின பாட்ட பாடு" என்று எடுத்துக் கொடுத்தார்.

எழுந்து ஓடியிருக்கலாம். மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் அப்போது தோன்றவில்லை. அந்த நீளமுடிக் குழுவின் மழைப் பாட்டு ஒன்றுதான் எனக்கு முழுசாக வரிகள் தெரிந்த பாட்டு. முழு வரிகளும் ஒரே பக்கத்தில் அச்சாகிக் கைக்குக் கிடைத்த ஒரே பாட்டு அது. வரி இருக்கிறது, மெட்டு இல்லை. வாயைத் திறந்தேன். அது ஆடி மாதம் (ஆவணி பிறக்கும்வரை காத்திருக்க அத்தைக்குப் பொறுமை இல்லை). காலையிலிருந்து தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து அந்த மெட்டுதான் வந்தது.

பாட்டு அமெரிக்காவில் பிறந்தது, மெட்டு எங்கள் தெருமுனையில் பிறந்தது. இரண்டும் சேருமா என்று நான் யோசிக்குமுன்னே சேர்ந்துவிட்டன. அதிலும் அது வேகமெடுக்கும் மெட்டு. உடுக்கை அடிக்கும் இடத்தில் நிறுத்தி, உச்சஸ்தாயியில் எடுத்து, இறங்கும்போது ஒரு குலுக்கல் குலுக்க வேண்டும். நான் எதையும் குறைக்கவில்லை. ரகுவின் அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அவருடைய அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை வெற்றிப் பெருமிதத்தோடு அப்பாவைப் பார்த்தார்.

முதல் நான்கு வரிகள் வரை நான் மெட்டைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன். அடுத்த வரியில் நுழைந்தபோதுதான் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அது காதலனை விரட்டும் பாட்டு. நீ வந்த வழியே போய்விடு, உன் மேல் எனக்கு ஆசை இல்லை, இந்தத் தெருப் பக்கம் இனி வராதே, உன்னோடு வாழ்வதைவிட மழையில் தனியாக நிற்பேன். இதைத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தவரின் முகத்தைப் பார்த்து, பம்பை உடுக்கை வேகத்தில் பாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் அர்த்தம் புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நிறுத்தப் பார்த்தேன். "நல்லா இருக்குது, நிறுத்தாத, பாடு" என்றார் அவருடைய அப்பா. 'தெருப் பக்கம் வராதே' என்ற வரி கடைசியில் திரும்பத் திரும்ப வரும். அம்மன் பாட்டிலும் கடைசி வரியைக் குரலை உயர்த்திக்கொண்டே போய்த்தான் முடிக்க வேண்டும். முடித்தேன். ரகுவின் அம்மா நெகிழ்ந்து போய், "எந்தக் கோயில் பாட்டும்மா இது?" என்று கேட்டார். அப்பா, "ஃபாரின் கோயிலுங்க" என்றார்.

கிளம்பும்போது ரகு வாசலில் ஒரு நொடி நின்றார். ஷூ மாட்டுகிற சாக்கில் மெதுவாகச் சொன்னார்: "உங்க மனசு எனக்குப் புரிஞ்சுதுங்க. நீங்க கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! பாட்டை மறந்துவிட்டு மனசைப் புரிந்துகொண்ட மனிதர் என்று நினைத்தேன். அடுத்த சில நாள் நான் தாள் பிரித்த லட்சணத்தில், ஆவணி முகூர்த்தச் சேலைகள் சிலவற்றின் மேல் கிடார்காரர் படத்துக்குப் பதில் சிகரெட் விளம்பரம் போயிற்று. அப்பா திட்டினார். காதில் விழவில்லை.

புதன்கிழமை அத்தை போளூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"பையன் வேணான்னுட்டான்டா. பொண்ணுக்கு இஷ்டம் இல்லியாம்."

அப்பா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு இஷ்டம் இல்லியா? இவளுக்கு இஷ்டம் இல்லன்னு எவன் சொன்னான்? இவள யாரு கேட்டது?"

"யாரும் கேக்கலன்னுதான் நானும் சொன்னேன். அவங்க அப்பனும் கெஞ்சிப் பாத்தாராம். அவன் ஒரே புடியா நிக்கறான். இஷ்டமில்லாத பொண்ண கட்டிகினு நான் இன்னா பண்ணப் போறேன், அது பாவம் வாய் விட்டு சொல்லிடுச்சுன்னு சொல்றானாம்."

"எப்பச் சொன்னா? நாம எல்லாரும் கூடத்துலதான இருந்தோம்?"

அப்பா, அத்தை, அம்மா, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் ஒரு பங்கு, ஆத்திரத்தில் ஒரு பங்கு. மீதி அழுகைக்கு எனக்கே காரணம் புரியப் பல வருஷம் ஆயிற்று. இப்போது சொல்லத் தெரிகிறது. எனக்கென்று ஓர் இஷ்டம் இருக்கும், அது முக்கியம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் என் சம்மதத்துக்காக ஒரு காரியத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அவரைத்தான் நான் பாட்டுப் பாடி விரட்டியிருக்கிறேன்.

அத்தையைத் தனியாகச் சமையலறைக்கு இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அத்தை பத்து நிமிஷம் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தா அவன் ஆபீஸ் நம்பரு. நான் குடுக்கல, நீ வாங்கல. ஜல்தியா போ, உங்கப்பன் குளிக்கறான்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. பூத்துக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். ஆரணியில் அப்பாவுக்குத் தெரியாத பூத்துக்காரரைத் தேடிப் போக நேரமில்லை.

"நான் கலா பேசறேங்க. ஆரணி."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்ல திட்டினாங்களாங்க? நான் உங்க மேல பழி வராம சொல்லச் சொன்னேனே" என்றார்.

"அது பாட்டுங்க. வெறும் பாட்டு. நான் உங்கள வேணான்னு சொல்லல."

"அர்த்தம் தெரியாமலா பாடினீங்க?"

"அர்த்தம் தெரியும். மெட்டுதான் தெரியாது."

"அப்படின்னா?"

"நான் அந்தப் பாட்ட கேட்டதே இல்லீங்க. எந்தப் பாட்டயும் கேட்டதில்ல. எல்லாம் சேல சுத்தற தாள்ல படிச்சது."

இந்த இடத்தில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு பாட்டுகூடவா?" என்று மட்டும் கேட்டார். யாரோ பசியோடு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி இருந்தது அந்தக் குரல். "போன வெச்சிடாதீங்க, ஒரு நிமிஷம்" என்றார். ஏதோ தட்டும் சத்தம் வந்தது. ரிசீவரைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வைத்தார் போலிருக்கிறது.

எஸ்.டி.டி. லைனில், கரகரப்புக்கு நடுவே, பின்னால் போளூர் பஸ் ஹாரன் அடிக்க, அந்த மழைப் பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டேன். நான் நினைத்திருந்த மாதிரி அது இல்லை. இத்தனை வருஷமாக அதைக் கோபக்காரப் பாட்டு என்று நினைத்திருந்தேன். பாடியவர் கத்தவே இல்லை. போ, போ என்கிறார். குரல் இரு, இரு என்கிறது. மணிக்கட்டில் கட்டுப் போட்டவர் வாசிக்கிறார் என்பது தெரிந்தது. வலிக்கிறவர்கள் எதையாவது தூக்குகிற மாதிரி ஒவ்வொரு அடியும் ஒரு கணம் தாமதித்து விழுந்தது. அந்தக் கட்டைப் பற்றி எனக்கு எவ்வளவோ நாளாகத் தெரியும். அது இப்படிக் காதில் விழும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் ரிசீவரை எடுத்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இப்ப நான் நேராவே கேக்கறேன். உங்களுக்கு இஷ்டமா?"

"இஷ்டம்ங்க" என்றேன். லைன் சரியில்லையோ என்று பயந்து இன்னொரு முறை கத்தினேன். பூத்துக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் பார்த்தார்கள். நான் வீடு போய்ச் சேருவதற்குள் என் சம்மதம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா தலை துவட்டிக்கொண்டே வாசலில் நின்றிருந்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு மண்டபம் பார்க்கப் போனார்.

கல்யாணத்தில் என் மாமனார் நாதஸ்வரக்காரரிடம் போய், மருமகள் பாடிய அந்த ஃபாரின் கோயில் பாட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டார். மாமனாருக்கு இன்றுவரை விஷயத்தைச் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது எதையாவது மறுக்க வேண்டுமென்றால் "பாடிடுவேன்" என்பது எங்கள் பேச்சாகிவிட்டது. இன்னும் இரண்டு இட்லி வைத்தால், "வேணாம், பாடிடுவேன்" என்பார்கள். சித்தப்பா ஒருவர் பேங்க் மேனேஜரிடமே சொல்லிவிட்டு விழித்திருக்கிறார்.

எட்டொன்பது வருஷம் கழித்து உமாவுக்கு வரன் வந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய கடை, பையன் ஒரே பிள்ளை. அப்பா விட்டால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றியிருப்பார். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா அதை வாங்காமல் உமாவின் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை.

"இன்னாம்மா, நீ ஏதாவது பாடப்போறியா?"

எல்லோரும் சிரித்தோம். உமா மட்டும் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"பாடறேன்பா" என்றாள்.

அம்மா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. காஞ்சிபுரத்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் போனை எடுத்து எண்களைச் சுற்றினார். அந்தப் பக்கம் யாரோ உற்சாகமாகப் பேசும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அப்பா அதை முழுக்கக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மன்னிச்சுக்கோங்க. பொண்ணு வேணான்னுதுங்க. இல்லீங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன், அது சொல்லுச்சு."